மூன்று குறிகளுக்கு நடுவில்

என் வீட்டுக்காரரின் அண்ணன் அப்துல் கய்யூம் யாரையும் முழுசாக நம்பமாட்டார். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. என் குழம்பில் உப்பு சரியா என்பதைக்கூட மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டுவிட்டுத்தான் தட்டில் கை வைப்பார்.

தொழில் அப்படி. தியாகராய நகரில் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். கிணற்றுக்கு இடம் பார்த்து வெட்டிக் கொடுப்பது அவர் வேலை. உள்ளே இறங்கி வெட்டுவது என் வீட்டுக்காரர் இனாயத். நீரோட்டம் பார்க்க மூன்று பேர் உண்டு. வேப்பங்கவட்டையைப் பிடித்து நடக்கும் கனகராஜ், வெறுங்காலால் மண்ணை மிதித்தே சொல்லும் தங்கம், புற்றையும் புல்லையும் பார்க்கும் அப்துல் கஃபார். ஒருவர் குறி வைத்துப் போனதும் கய்யூம் பாய் இடத்தை அளந்துகொண்டு குறியை அழித்துவிடுவார். பிறகுதான் அடுத்தவர் வரலாம். மூன்று குறிக்கும் நடுவில் வெட்டுவார்கள்.

"ஒர்த்தன் இந்தாண்ட தப்புவான், ஒர்த்தன் அந்தாண்ட தப்புவான். கலந்து பேச வுட்டா எல்லாரும் ஒரே பக்கமா தப்புவாங்கோ" என்பார். தண்ணீர் வராமல் போனதில்லை.

சுதந்திரத்துக்கு முந்தின கோடையில் துணிக்கடை அய்யாதுரையின் மனைக்குப் போனார்கள். அன்று மூன்று பேரும் ஒரே இடத்தில் குறி வைத்தார்கள். ஒரு சாண்கூட விலகவில்லை. அய்யாதுரைக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே வெட்டச் சொல்லிவிட்டார்.

கய்யூம் பாய் அன்று சாப்பிடவில்லை.

"மூணு பேரும் ஒண்ணா சொன்னா நல்லதுதானே பாய்சாப்?" என்று கேட்டேன்.

"அவங்க சொல்லலம்மா. நாந்தான் சொல்லிக்கீறேன். காலைல, மத்தியானம், சாய்ங்காலம், அந்த எடத்துலயே நின்னுக்கினு இருந்துக்கீறேன். என் மூஞ்சியப் பாத்துக்கினே வந்து அங்கியே நின்னுட்டாங்கோ."

"நீங்க ஏன் அங்கியே நின்னீங்க?"

குனிந்து உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டார். "தெர்லம்மா. யாரோ கீழேந்து உள்ளங்காலப் புடிச்சிக்கினு கீற மாதிரி இருந்துச்சு. நகர மனசு வர்ல."

அந்த இடத்தில் இறங்கப்போவது என் புருஷன். இறக்காதீர்கள் என்று அழுதேன். இறக்கமாட்டேன் என்றார்.

சொன்னபடியே அய்யாதுரையின் முணுமுணுப்பைப் பொருட்படுத்தாமல் வேலையை நிறுத்தினார். தான் தெருவிலேயே நின்றுகொண்டு, மூன்று பேரையும் மறுபடி ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். இந்தமுறை குறிகள் வேறொரு மூலையில், வழக்கம்போலத் தள்ளித்தள்ளி விழுந்தன. நடுவில் வெட்டினார்கள்.

தண்ணீர் கண்ட அன்று இனாயத் சேறும் சகதியுமாக மேலே ஏறி, "பாய்ஜான், தண்ணி!" என்று கத்தினார். எல்லாரும் ஓடி வந்தார்கள். கய்யூம் பாய் மட்டும் வரவில்லை. அந்தப் பழைய இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"அங்க இன்னா பண்றீங்க? வாங்க!" என்று இனாயத் கூப்பிட்டார்.

"இரு, வர்றேன்" என்றார். காலடியைப் பார்த்தபடியே சொன்னாராம். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை என்பார் இனாயத்.

அதற்குள் அவர் நின்ற தரை அவரோடு உள்வாங்கிவிட்டது. அந்தப் பக்கமெல்லாம் ஏரியாக இருந்த காலத்தில், அது வற்றும் கோடைக்காகத் தோண்டிய கிணறு ஒன்று வாய் மட்டும் மூடிக் கிடந்திருக்கிறது. ஓரங்களும் சரிந்து, ஒரு கூடத்தின் அகலத்துக்குச் சேறாகிவிட்டது. ஆள் எந்தப் பக்கம் போனார் என்றே தெரியவில்லை. ஆளாளுக்கு ஒரு பக்கம் கைகாட்டிக் கத்தினார்கள்.

இனாயத் எல்லாரையும் வாயை மூடச் சொன்னார். புதுத் தண்ணீரைப் பார்க்க அந்த மூன்று பேரும் வந்திருந்தார்கள். இரண்டு பேரைச் சுவருக்கு அப்பால் அனுப்பிவிட்டு, ஒவ்வொருவராகக் கேட்டார். மூன்று பேரும் மூன்று இடம் காட்டினார்கள். நடுவில் தோண்டினார். ஆள் உயரம் போனதும் அண்ணனின் கை தட்டுப்பட்டது. மூச்சு இல்லை.

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். எதற்கெடுத்தாலும் மூன்று பேரைக் கேட்கிற மனுஷன், அந்த இடத்துக்குத் திரும்பப் போகலாமா என்று மட்டும் யாரையும் கேட்கவில்லை. என்னொருத்தியைக் கேட்டிருந்தால் போதும், போகாதீர்கள் என்று சொல்லியிருப்பேன்.