ஈத்தூண்டில் டீச்சர்

கடைக்கு ஆள் வராவிட்டால் ஈ ஓட்டுகிறார்கள் என்பார்கள். எனக்கோ ஆள் வந்தாலும் பிழைப்பு ஈயோடுதான். நூலாலும் கோழியிறகாலும் கட்டிய பொய் ஈயைத் தூண்டிலில் வீசி ஓடை மீனைப் பிடிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பாட்டோ பரதமோ நீச்சலோ, பிள்ளைகளுக்கு எதையாவது சொல்லிக்கொடுத்துச் சாப்பிடுகிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும்: பிள்ளைகளைச் சமாளித்துவிடலாம், கூட வருகிறவர்களைத்தான் முடியாது.

கடையில் ஈ இல்லை

சுமையாவுக்குப் பத்து வயது. அவளுடைய அத்தா ரஹீம் அண்ணன் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். மகளைச் சேர்க்கப் போன் செய்தவரிடம், "தூண்டில் நான் தரேன், ஈயும் என்கிட்ட இருக்கு. நீங்க கடையிலேர்ந்து எதுவும் கொண்டுவர வேணாம்" என்றேன். கண் வலிக்க வலிக்க நான் கட்டுகிற ஈயை என்னவென்று நினைத்தாரோ, குரலை உயர்த்திவிட்டார்.

"நம்ம கடையில ஒரு ஈய காட்டுங்க டீச்சர், அன்னிக்கே கடைய மூடிடுறேன்."

திடல் பாடம்

ஓடைக்குப் போகுமுன் பிரிக்பீல்ட்ஸ் திடலில் வீசிப் பழக வேண்டும். நூலைப் பின்னால் வீசி, அது முழுக்க நீளும்வரை பொறுத்து, அப்புறம் முன்னால் விட வேண்டும். அந்தப் பொறுமைதான் வித்தையே. சுமையாவுக்கு அது சட்டென்று வந்துவிட்டது. அவள் பொறுத்து நிற்பதைத்தான் அத்தாவால் பொறுக்க முடியவில்லை. "இப்படிம்மா" என்று கோலைப் பிடுங்கி அவர் வீசியதில் நூல் மரத்தில் போய்ச் சிக்கியது. மறுபடி பிடுங்கினார், மறுபடியும் அதே மரம். படிக்க வந்தது யார் என்று கேட்டேவிட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர், புள்ளைக்குக் கை வலிக்கும்ல."

மீனுக்குப் பாட்டு

அம்பாங் தாண்டி மலையோரத்தில் ஓர் ஓடை. அங்கே தெங்காஸ் மீன் உண்டு. ஆள் நிழல் விழுந்தாலே கல்லிடுக்கில் ஒளிந்துகொள்ளும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் ஆளுயர ஸ்பீக்கரைத் தண்ணீர் ஓரமாகவே வைத்துக் கோழி சுட்டுக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். கோழிக்காலைக் கடித்துக்கொண்டே ஒருவர் பதில் சொன்னார்.

"இவ்ளோ பெரிய ஆறு இருக்கு ஆன்டி, மேல போய் புடிங்க லா. மீனும் பாட்டு கேக்கட்டும்."

விடு

மேலே போனோம். சுமையாவின் ஈயை ஒரு மீன் கவ்விக்கொண்டு ஓடியது. அப்போது இழுத்தால் நூல் அறுந்துவிடும், ஓட விட வேண்டும். "விடு, விடு" என்று கத்தினேன். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை, கோலையே விட்டுவிட்டது. ரஹீம் அண்ணன் காலில் மாட்டியிருந்த சப்பாத்தோடு தண்ணீரில் குதித்துக் கோலை மீட்டார். மீன் போய்விட்டது. நூலுக்கும் கோலுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் தமிழ் மீதே எனக்கு ஆத்திரம் வந்தது. சுமையா அழவில்லை. ஒரே ஒரு மீன், அதுவும் தன் கையால் பிடிக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அத்தாவோ ஈரக் காலோடு கெடு வைத்தார்.

"வர்ற ஞாயிறு கடைசி. அன்னிக்கும் ஒண்ணும் மாட்டலன்னா கணக்கு டியூஷன்ல போட்டுடுவேன்."

கடைசி ஞாயிறு

மீன் கவ்வியது. இந்த முறை, "நூலை விடு" என்று முழுசாகச் சொன்னேன். அவள் விட்டாள். கோல் வில்லாக வளைந்தது. அவ்வளவுதான், அவள் கைக்கு மேல் இரண்டு பெரிய கைகள் வந்து கோலைப் பிடித்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், திரும்பிக்கூடப் பார்க்காமல் அவள் சொன்னாள்: "அத்தா, விடுங்க."

அவர் விட்டுவிட்டார்.

உள்ளங்கை நீளத் தெங்காஸ் ஒன்று என் கைவலைக்குள் வந்தது. குடம்புளி போட்டுக் குழம்பு வைக்க அவர் ஐஸ் பெட்டியே கொண்டுவந்திருந்தார். சுமையா மீனைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்திருந்துவிட்டுக் கையைத் திறந்தாள். அது போன திசையையே அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மீனையே விட்டுட்டா. டியூஷனையும் விட்டுடலாம், டீச்சர்."

அடுத்த மாதம் தன் மச்சான் மகளையும் சேர்க்கிறாராம், தானே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வாராம். "விடுங்க, விடுங்க" என்று கத்தப் போவதை நினைத்தே எனக்கு இப்போதே தொண்டை கட்டுகிறது.