அம்மா அல்லேலூயாவுக்குப் போன கதை

அம்மா அல்லேலூயாவுக்குப் போய்விட்டாள் என்பதை முதலில் கண்டுபிடித்தது பெரிய அத்தைதான். அம்மாவுக்கே அது அப்புறம்தான் தெரியும்.

பெரிய அத்தை என்றால் அப்பாவின் மூத்த அக்கா. தேவகோட்டையில் இருந்தாள். நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள்; அந்தத் தலைமுறைகளுக்கெல்லாம் மொத்தக் காவல் அத்தை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை, வெள்ளிக்கிழமை கவிச்சி விலக்கு, சாயங்கால ஜெபமாலை எதுவும் அவளிடம் தப்பாது. பைபிளை மட்டும் யாரும் வாசிக்க மாட்டோம். அது சாமியார் வாசித்து நாம் கேட்க வேண்டிய விஷயம். வீட்டில் உட்கார்ந்து அதைப் புரட்டுகிறவர்கள், கைதட்டிப் பாடி ஜெபிக்கிற சபைக்காரர்கள். அவர்களை எங்கள் ஊரில் அல்லேலூயாக்காரர்கள் என்போம். அந்தச் சபைப் பெண்கள் நகை போடமாட்டார்கள். அதனால் கத்தோலிக்க வீட்டில் ஒருத்தி பைபிளும் கையுமாக இருந்தால், சொந்தக்காரர்கள் அவள் காதையும் கழுத்தையும் நோட்டம் விட ஆரம்பித்துவிடுவார்கள்.

அம்மாவுக்கோ எழுத்து என்றால் உயிர். மளிகைச் சாமான் மடித்து வந்த காகிதத்தைக்கூடப் பருப்பைக் கொட்டிவிட்டு நீவி வாசிப்பாள். கதை பாதியில் கிழிந்திருந்தால், "அப்பறம் அந்தப் பிள்ளைக்கு என்னாச்சோ" என்று அன்று முழுக்கப் புலம்புவாள். ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நிறுத்தப்பட்டவள். கல்யாணமாகித் தையல் வகுப்புக்குப் போனாள். நான் பிறந்தேன், அதுவும் பாதியில் நின்றது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பாடப்புத்தகத்துக்கு மேல் வாசிப்பது கண்ணுக்குக் கேடு என்பது அவருடைய கொள்கை. எங்கள் வீட்டில் பாடப்புத்தகத்தை விட்டால் முழுசாக இருந்த ஒரே புத்தகம், அவர்கள் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த பைபிள்தான். பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல் கண்ணாடி அலமாரியில் இருந்தது. அதைத்தான் அம்மா ஒரு தவக்காலத்தில் வெளியே எடுத்தாள்.

நாலாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் நான் மத்தியானமும் வீட்டில் கிடந்ததால்தான் எனக்கு இது தெரிந்தது. அப்பா பொதுப்பரீட்சைப் பேப்பர் திருத்தப் போய்விட்டுச் சாயங்காலம்தான் வருவார். தெருவுக்குக் கேபிள் வந்த வருஷம் அது. சாப்பாட்டுக்கடை முடிந்ததும் பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார்கள். நாங்கள் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். மே மாத வெயிலிலும் அங்கே தரை சில்லென்றிருக்கும். அம்மா பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அரிசி டிரம்மில் சாய்ந்து உட்கார்ந்து மடியில் புத்தகத்தை விரிப்பாள். யார் யாரைப் பெற்றார் என்று பக்கம் பக்கமாகப் பெயர்கள் வரும். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதுபோல ஒன்று விடாமல் விரல் வைத்து வாசிப்பாள். நடுநடுவே எனக்கும் சேதி வரும்.

"அக்காளையும் தங்கச்சியையும் ஒருத்தனே கட்டிக்கிட்டான். அந்த வீடு வெளங்குமாடி?"

சில நாள் மூக்கை உறிஞ்சுவாள். கேட்டால், "ஒண்ணுமில்ல, ஒரு அப்பன் வாய்க்கு வந்த சத்தியத்தைப் பண்ணிட்டு வந்து நிக்கிறான். பெத்த பிள்ள பலியாகப் போகுது" என்பாள். எனக்கு அந்த அப்பனை எங்கள் தெருவில் எங்கோ பார்த்த மாதிரியே இருக்கும்.

ஒருநாள் சொன்னாள்: "வர்ற கிறிஸ்துமஸுக்குள்ள ஒரு எழுத்து விடாம முடிச்சுப்புடணும்டி. நம்மளும் ஒண்ணைத் தொட்டு முடிச்சோம்னு இருக்கணும்ல." அப்பாவிடம் சொல்லாதே என்று அவள் சொல்லவில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது என்று நானும் சொல்லவில்லை.

அந்த மே மாதத்தில்தான் அம்மாவின் தோட்டுத் திருகு தேய்ந்துபோனது. அப்பாவே அதைக் கொண்டுபோய்ப் பத்தரிடம் கொடுத்தார். பத்தர்கள் வாயில் நாளைக்குத் தவிர வேறு கிழமை கிடையாது. காது தூர்ந்துவிடாமல் இருக்க அம்மா வேப்பங்குச்சி செருகியிருந்தாள். ஒருநாள் குளிக்கும்போது அதுவும் விழுந்துவிட்டது. அந்த நாள் பார்த்தா அத்தை வரவேண்டும்! சொல்லாமல் கொள்ளாமல் மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"வாங்க மதினி. இந்த வேகாத வெயில்ல வாரீகளே" என்று அம்மா எழுந்தாள். மடியில் பைபிள். கண்ணில் தண்ணீர். காதில் ஒன்றுமில்லை.

அத்தை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "ஏத்தா, தோடு எங்க?"

"திருகு தேஞ்சு போச்சு மதினி. பத்தர்கிட்ட இருக்கு."

"கழட்டுறவளுக எல்லாம் மொதல்ல இப்பிடித்தான் சொல்லுவாளுக."

அம்மா சிரித்துவிட்டாள். அந்த நேரத்தில் சிரித்திருக்கக் கூடாது. அத்தை தண்ணீர்கூடக் குடிக்காமல் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "இங்குட்டு வா ஆத்தா. அம்மா தெனமும் இதைத்தான் வாசிக்குதா?" எனக்கு ஒரே பெருமை. ஆமாம் என்றேன். வாசித்து அழும், சில நாள் தனியாகச் சிரிக்கும் என்று எடுத்தும் கொடுத்தேன். அத்தை நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் அப்பா வந்ததும் விசாரணை. "என் ஆத்தா போட்ட தோடு தம்பி அது. அதையே கழட்டிட்டா, பாத்துக்க. கழுத்துல கெடக்குறது என்னைக்கோ?" என்று அத்தை கண்ணைத் துடைத்தாள். தோடு எங்கே இருக்கிறது என்று அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அப்பத்தா போட்ட தோட்டைத் தெருப்பத்தரிடம் கொடுத்தது தான்தான் என்று அக்காவிடம் சொல்ல அவருக்குத் துணிச்சல் வரவில்லை. வகுப்பில் அறுபது பிள்ளைகளை முறைத்தே அடக்குகிற மனிதர்! பைபிளை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பூட்டுறீகளா? நான் என்ன சாராயமா குடிச்சேன்?" என்றாள் அம்மா.

"அக்கா மனசு சங்கடப்படுதுல்ல. சாமியார் வந்து ஒரு வார்த்தை பேசட்டும். அதுவரைக்கும் சும்மா இரு."

அம்மா சும்மாதான் இருந்தாள். மத்தியானங்களில் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். டிரம்மில் சாய்ந்து உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். கதை சொல்லும்மா என்று கேட்டால், "போடி, பாதியில நிக்குது" என்பாள். எனக்கு அத்தை மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தை சாமியாரையே கையோடு கூட்டிவந்துவிட்டாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். அம்மா காபியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். அத்தை எல்லாவற்றையும் ஒப்பித்து முடித்தபிறகு சாமியார் அம்மா பக்கம் திரும்பினார்.

"எதுவரைக்கும் வாசிச்சிருக்கீங்கம்மா?"

"பாதிகிட்ட வந்துட்டேன் சாமி. அதுல ஒரு அப்பனுக்குக் கண்ணு தெரியாமப் போயிருது. மகன் தூரதேசம் போறான். அவன் பின்னாடியே வீட்டு நாயும் போகுது. அந்த நாயி திரும்பி வந்துச்சா இல்லையான்னு பாக்குறதுக்குள்ள அவுக பூட்டிட்டாக."

சாமியார் காபி புரையேறச் சிரித்தார். அத்தையைப் பார்த்து, "ஏம்மா, அந்தக் கதை அல்லேலூயாக்காரவுங்க பைபிள்லயே கெடையாது. நம்ம பைபிள்ல மட்டும்தான் இருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார்.

அத்தை விடுவாளா? "அப்ப காது?" என்றாள்.

"அதை உங்க தம்பியக் கேளுங்க மதினி" என்றாள் அம்மா. "அவுகதான் பத்தர்கிட்டக் கொண்டுபோய்க் குடுத்தாக."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா முறுக்கைக் கடித்தார்.

அதோடு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாமியார் நல்ல மனிதர், மனசார மகிழ்ந்துபோனார். இப்படிப்பட்ட தாய் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார். இனிமேல் இவர் தனியாக வாசிக்க வேண்டாம், சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் குடும்பத்துக்கே வாசித்துக் காட்டட்டும் என்றார். அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த வாரமே முன்னறையில் ஒரு ஸ்டூல் போட்டு, பூவேலை செய்த துணி விரித்து, பைபிளை அதன்மேல் வைத்தார். அத்தை தேவகோட்டை முழுக்கத் தம்பி பெண்டாட்டியின் பெருமையைப் பரப்பினாள்.

அம்மா அழகாகத்தான் வாசித்தாள். எதை வாசிப்பது என்பதை மட்டும் நாங்கள் சொன்னோம். அப்பாவுக்குச் சின்னச் சின்ன அதிகாரமாக வேண்டும். அத்தை வந்தால் நோயாளிகள் குணமாகிற இடம்தான், திரும்பத் திரும்ப. எனக்கு நாய். அம்மா மத்தியானத்தில் ஸ்டூல் பக்கம் போனால், பேப்பர் வேலை முடிந்து வீட்டில் இருந்த அப்பா, "இப்ப எதுக்கு? அதான் சாயந்தரம் எல்லாருமா வாசிப்போம்ல" என்பார். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபிறகு அப்பா இல்லாத மத்தியானமும் அவளுக்குத் தனியாகக் கிடைக்கவில்லை. உடம்புக்கு முடியாதவர்களும் பிள்ளை இல்லாதவர்களும், ரெண்டு வார்த்தை வாசிங்கக்கா என்று வந்துவிடுவார்கள். யாரையும் போ என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. இப்போது நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அப்போது தலைகால் புரியவில்லை. ஊரே என் அம்மாவைத் தேடி வந்ததே!

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அம்மா அடுப்படியில் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"முழுசா வாசிச்சு முடிச்சிட்டியாம்மா?"

அம்மா எண்ணெயிலிருந்து ஒரு அதிரசத்தை எடுத்து, தட்டில் வைத்து அழுத்தினாள். "எங்கடி… அதான் எல்லாருமாச் சேந்து வாசிக்கிறோமே" என்றாள்.

அம்மா சந்தோஷமாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, முன்னறைக்கு ஓடிப்போய், பண்டிகைக்கு வந்திருந்த அத்தையிடம் அதை அப்படியே சொன்னேன்.