சித்தியின் நீளக் கடல்

சும்மா இருக்கத் தெரியாத பிள்ளை என்று வீட்டில் எனக்குப் பெயர். அந்தப் பெயரை நான் கட்டிக்காத்த கதை இது.

வெளிநாடு போகவென்று சித்தப்பா வள்ளம் ஏறி எட்டு மாதமாகியிருந்தது. ஒரு போன்கூட வரவில்லை. மயிலிட்டி வீட்டில் தனித்துப்போன சித்தி எங்களோடு வந்திருந்தார். அழவில்லை, படம் கீறினார். படத்துணி, நாலு பேர் குந்துகிற வாங்கைப்போல நீளம், உயரம் இரண்டு சாண்தான். இடப்பக்க ஓரத்தில் வலதுபக்கம் பார்த்தபடி ஒரு சின்ன வள்ளம். மிச்சமெல்லாம் வெறுங்கடல். அந்த வெறுமைக்கு மூன்று கிழமையாக நீலம் பூசினார். எனக்கோ எரிச்சல். உதுக்குள்ளை இரண்டு மீனாவது விடக்கூடாதோ?

தேவாலய மண்டபத்தில் கண்காட்சி வந்தது. சட்டம் போட்ட படங்களைத்தான் எடுப்பார்களாம். எங்கள் வீட்டில் இருந்தது ஒடுக்கமான பழைய சட்டம் ஒன்றுதான். உயரம் சரி, படத்தின் நீளம்தான் இடைஞ்சல். சித்தி சந்தைக்குப் போன நேரம் கத்தரிக்கோலை எடுத்தேன். வள்ளத்தின் மூக்கை ஒட்டி ஒரே வெட்டு. அடடா, அளந்து தைத்த சட்டைபோலப் பொருந்திவிட்டது! அம்மாகூட என்னைக் கெட்டிக்காரி என்றார்.

சித்தி வந்து பார்த்தார். கையிலிருந்த பையை இறக்கி வைக்கவே மறந்துபோனார்.

“மற்றத் துண்டு எங்கை பிள்ளை?”

“கணக்குக் கொப்பிக்கு உறை போட்டிட்டன் சித்தி. வெறுங்கடல்தானே!”

“அப்ப வள்ளம் இனி எங்காலை போகும்?”

“உது படம்தானே சித்தி. அது ஒரு இடமும் போகாது.”

“ஓம்” என்று மட்டும் சொன்னார். அடித்திருக்கலாம். அடித்திருந்தால் இத்தனை வருஷம் இது என்னை அரித்திருக்காது. சித்தப்பாவைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அவர் போவதற்கென்று சித்தி விட்டுவைத்த இடத்தைத்தான் நான் வெட்டினேன். வள்ளம் சட்டத்தில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. கண்காட்சியில் எல்லாரும் அதை வடிவென்றார்கள்; நானும் பக்கத்தில் நின்று பெருமைப்பட்டேன்.

வருஷக் கடைசியில், அந்தக் கணக்குக் கொப்பியைத் தரச்சொல்லிச் சித்தி கேட்டார். என் புள்ளிகளைப் பார்க்கப்போகிறார் என்று எனக்கு ஒரே பயம். பிழைவிட்ட கணக்குகள் இருந்த தாள்களை எல்லாம் கிழித்து எறிந்துவிட்டுத்தான் கொடுத்தேன். அவர் ஒரு தாளையும் புரட்டவில்லை. உறையை மட்டும் உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தார். நான் தப்பினேன் என்று விளையாட ஓடினேன்.