தட்டில் வராத கட்டி

என் கணவர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறவர். எண்ணூர் ரோட்டில் வண்டி வரிசையில் மாட்டினால் ஒன்றுக்குப் போகக்கூட இறங்க முடியாது. நீர்க்கடுப்பு வந்தால் கால் கட்டைவிரலில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு கிளம்பிவிடுவார். இந்த முறை சுண்ணாம்புக்கு அடங்கவில்லை. திருவொற்றியூரில் ஸ்கேன் எடுத்தோம்.

கடுப்பு மாத்திரையிலேயே போய்விடும் என்றார் டாக்டர். நிம்மதியாக எழுந்தேன். "உக்காருங்கம்மா" என்றார். இடது சிறுநீரகத்தில் சின்னதாக ஒரு கட்டி. பிறகு எடுத்த பயாப்ஸியில் (சதைத் துணுக்கை எடுத்துச் செய்யும் சோதனை) புற்றுநோய் என்று உறுதியானது. அன்று காலையில்தான் என்னோடு சண்டை போட்டுக்கொண்டே இட்லியை வெளுத்துக்கட்டிய மனுஷனுக்குப் புற்றுநோயா?

ஆரம்ப நிலை என்பதால் வழிகள் இருந்தன. லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை) கட்டியை மட்டும் வெட்டி எடுக்கலாம். கிரையோ அப்லேஷனில் (ஊசி செலுத்தி உறையவைப்பது) கொல்லலாம். சிலருக்கு அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தாலே போதுமாம். இவருக்கு இதயம் பலவீனம். அதனால் ஊசி என்று முடிவானது.

என் அக்காவுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது அதைத் தட்டில் கொண்டுவந்து காட்டினார்கள். வீட்டார் கண்ணால் பார்த்தால்தான் எங்களுக்கு நம்பிக்கை. உறையவைத்த பிறகு கட்டியை வெளியே இழுத்துவிடுவார்கள் என்றே நினைத்து, மனசைத் திடப்படுத்திக்கொண்டு சிகிச்சை அறை வாசலில் நின்றேன். கணவர் ஸ்ட்ரெச்சரில் வந்தார். முதுகில் ஒரு பிளாஸ்திரி. தட்டு வரவில்லை.

"இன்னா சார், எங்கள ஏமாத்தப் பாக்கறீங்களா? கட்டி எங்க?" பின்னாலேயே வந்த டாக்டரிடம் நான் போட்ட சத்தத்தில் தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது.

"எடுக்க மாட்டோம்மா. உறைய வச்சுக் கொன்னாச்சு. உள்ளேயே இருந்து கொஞ்சம் கொஞ்சமா சுருங்கும்."

"செத்தத உள்ள வச்சிகினு மனுசன் எப்டி சார் இருப்பாரு?"

"மானத்த வாங்காதமே" என்று முனகினார் கணவர்.

ஐயோ, இதை முன்பே கேட்டிருக்கலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை என்றால் நீங்கள் கேட்டுவிடுங்கள்.

அடுத்தடுத்த ஸ்கேன்களில் கட்டிக்கு ரத்த ஓட்டமே இல்லை. மறுபடி வண்டி ஓட்டுகிறார். எனக்குத்தான் எல்லா நாளும் ஒரு ஸ்கேனிலிருந்து அடுத்த ஸ்கேன் வரை என்று ஆகிவிட்டது. எண்ணெய் தேய்த்துவிடும்போதெல்லாம் என் கை அவர் இடுப்புக்கு மேலேயே நின்றுவிடும். அங்கே உயிர் வந்துவிட்டதோ என்று தடவிப் பார்ப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"அது செத்துப்போச்சுமே. நான் உசுரோட கீறேன். என்னப் பாரு."

பார்த்தேன். மீசை முழுக்க நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று எனக்குத் தெரியவில்லை.