என் லேத்தும் தம்பியாரின் பிறின்ரரும்

தம்பியாரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளே, நண்பர்களே,

எனக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். பிறந்த ஊர், நற்குணம், நன்றி, இவ்வளவும் போதும், மிசின் கதை வேண்டாம் என்று மலர் வேலை பார்ப்பவர்கள் சொன்னார்கள். மிசின் கதையை விட்டால் தம்பியாரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கள். விடயத்தில் கை வைக்க வேண்டாம்.

தம்பியார் பண்டத்தரிப்பில், வெங்காயப் பயிர் செய்த குடும்பத்தில், எனக்கு ஒன்பது வருடம் பின்னால் பிறந்தார். ஐயா படுக்கையில் விழுந்தபின் வீட்டைச் சுமந்தவன் நான். யாழ்ப்பாணத்தில் ஒரு பட்டறையில் இரும்புத்தூள் கூட்டத் தொடங்கி, இரும்பு கடையும் சொந்த லேத் வாங்கும்வரை யாரிடமும் கை நீட்டவில்லை. வலிகாமத்தில் என் கை படாத தண்ணீர்ப் பம்ப் இருந்தால் காட்டுங்கள். தம்பியாரை உயர்தரம் வரை படிப்பித்ததும் அந்த லேத்துதான். பெருமைக்குச் சொல்லவில்லை. உண்மை அப்படி.

சண்டையில் எல்லோரும் இடம்பெயர்ந்தபோது லேத்தைக் கொண்டுபோக வழியில்லை. குழி வெட்டிப் புதைத்தோம். சனம் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு ஓடுகிற நேரம் தம்பியார் குழிக்குள் இறங்கி நின்று கிறீஸ் பூசிக்கொண்டிருந்தார்.

“டேய், உயிர் முக்கியமோ கிறீஸ் முக்கியமோ? ஏறடா மேலை!” என்று கத்தினேன்.

“இன்னும் ஒரு பல்லுச்சக்கரம் கிடக்கண்ணை, பூசிப்போட்டு வாறன்” என்றார்.

திரும்பி வந்து தோண்டியபோது லேத்தில் துரு இல்லை. அந்தப் பொறுமைதான் அவருடைய நற்குணம். என் பொறுமையைத் தின்றதும் அதுதான்.

சில வருடங்களுக்கு முன் பட்டறையின் மறுபாதியில் கண்ணாடிப் பெட்டி போல ஒரு பிறின்ரரைக் கொண்டுவந்து வைத்தார். பிளாஸ்ரிக் இழையை உருக்கி, மயிர் கனத்தில் படை படையாக அடுக்கிச் சாமானைக் கட்டி எழுப்பும் மிசின் அது. லேத் அப்படியல்ல. முழு இரும்பைச் சுழல விட்டு, வேண்டாததைச் சீவி எறிந்தால் சாமான் மிஞ்சும்.

“உதென்னடா, இடியப்பம் பிழியிற மிசினே?” என்று கேட்டேன்.

“ஓம் அண்ணை. உங்கடை மிசின் தேங்காய் துருவுது, என்ரை மிசின் இடியப்பம் பிழியுது. சாப்பாட்டுக்கு ரெண்டும் வேணும்தானே?”

இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டு மனிதர் சிரிக்கவும் மாட்டார். லேத் ஒரு மணித்தியாலத்தில் முடிக்கிற வேலைக்கு அந்தப் பெட்டி பகல் முழுவதும் கிடந்து முக்கும். பிளாஸ்ரிக் சூட்டில் இளகும், பாரம் தாங்காது. ஆனால் ஒரு சாமானுக்கு உள்ளே வளைந்து ஓடும் தண்ணீர்வழியை என் லேத்தின் உளி எட்டாது. பிறின்ரர் அந்த வளைவையும் சேர்த்தே கட்டிவிடும். தம்பியார் இருந்தபோது இதை நான் ஒத்துக்கொண்டதில்லை.

இனி நான் எழுத வந்த விடயம். செத்தவீட்டில், படகு வைத்திருக்கும் குருநகர்ச் சம்மாட்டியார் ஒருவர் என் பெறாமகளிடம், அதாவது தம்பியாரின் மகளிடம், சொன்னதைப் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

“கொப்பர் தங்கமான மனுசன் பிள்ளை. மிசின்தான் அளவு பிழைக்கும். ஆருக்கும் வித்துப்போடு.”

“ஓம் ஐயா, விக்கத்தான் யோசிக்கிறன். ஒருத்தரும் வேலை கொண்டுவருகினமில்லை” என்றாள்.

கொம்பியூட்டரில் படம் கீறி அந்த மிசினை ஓட்டுவது அவள்தான். தகப்பன் இல்லாத அந்த வீட்டுக்கு வேறு தொழிலும் இல்லை. ஆகவே கேளுங்கள். மிசின் அளவு பிழைக்கவில்லை.

சம்மாட்டியாரின் படகு எஞ்சினில் கடல் தண்ணீர் இழுக்கும் பம்பின் மூடி அரித்துப் போயிருந்தது. உள்ளே வளைவு உள்ள மூடி. அதனால் வேலை தம்பியாருக்குப் போயிற்று. அளவை மட்டும் நான்தான் எடுப்பேன் என்று நின்று, பம்பின் வாயை அளந்து கலண்டர் தாளில் எழுதிக் கொடுத்தேன். லேத்துக்காரன் எப்போதும் கொஞ்சம் கூட்டியே பிடிப்பான். கூடினால் சீவலாம், குறைந்தால் ஒட்ட முடியாது. கை வழக்கத்தில் நானும் இரண்டு மில்லிமீற்றர் கூட்டி எழுதிவிட்டேன். பிறின்ரரில் சீவும் வேலை இல்லை. சொன்ன அளவைத்தான் அது கட்டும்.

“அண்ணை, உதிலை சீவுறதுக்கும் சேர்த்து விட்டிருக்கிறியளோ?” என்று தம்பியார் கேட்டார்.

“எனக்கு அளக்கப் படிப்பிக்கிறியோ?” என்றேன்.

பிறின்ரரில் அடித்த மூடி பம்பின் வாய்க்குள் இறங்கவில்லை. சம்மாட்டியார் பார்த்துக்கொண்டு நிற்கிறார். “கொண்டா இஞ்சை” என்று பறித்து லேத்தில் பூட்டினேன்.

“வேண்டாம் அண்ணை, உள்ளுக்கை தேன்கூடு மாதிரி...”

அவர் சொல்லி முடிக்கமுதல் உளியை விட்டேன். மேல்தோல் உரிந்து, உள்ளே ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. பாரமும் பிளாஸ்ரிக்கும் குறையட்டும் என்று உள்ளே அப்படித்தான் கட்டுவார்கள். தோலைச் சீவாதவரை ஒரு மூடிக்கு வேண்டிய பலம் இருக்கும். சம்மாட்டியாருக்கு அது எங்கே தெரியும்?

“இதென்ன தம்பி, வெறும் கோது! இதை நம்பியோ நான் கடலுக்குப் போறது?”

தம்பியார் கலண்டர் தாளைப் பார்த்தார். வேணியர் அளவுகோலை எடுத்துப் பம்பின் வாயை அளந்தார். என்னைப் பார்த்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“என்ரை பிழை ஐயா. வேறை ஒண்டு அடிச்சுத் தாறன்.”

சம்மாட்டியார் நிற்கவில்லை. கதை அவரோடு குருநகருக்குப் போயிற்று. அதற்குப் பிறகு படகுக்காரர் ஒருவரும் தம்பியாரிடம் வரவில்லை.

அண்ணை தந்த அளவு என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்தானே? சொல்லவில்லை. அடுத்த நாள் வழமைபோலத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னைப் பேசியிருந்தால் நானும் திருப்பிப் பேசி, அந்தச் சூட்டில் உண்மையைக் கக்கியிருப்பேன். அவர் பேசவில்லை. நானும் சொல்லவில்லை. அப்படியே இரண்டு வருடம் போயிற்று. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஐந்தாம் நாள் தம்பியார் போய்விட்டார்.

போன கிழமை பெறாமகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்பாக்குத் தெரியுமோ?”

“அண்டைக்கே தெரியும்.”

அவள் மிசினின் கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு, “பெரியப்பா, எனக்குச் சொல்லி என்ன பிரியோசனம்? குருநகர் ஆக்களுக்கெல்லோ சொல்லவேணும்” என்றாள்.

“மலரிலை எழுதுறன்.”

“சனம் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். நீ மிசினை விக்காதை.”

தம்பியாரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அயலவருக்கும், இரவு பகலாகப் பக்கத்தில் இருந்தவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், எட்டு நாளும் எங்களுக்குச் சமைத்து அனுப்பிய வீடுகளுக்கும், கடல் கடந்து வந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. குருநகரில் இருந்து வந்து கடைசிவரை நின்ற சம்மாட்டியாருக்கும் அப்படியே. அவர் கண்டதைத்தான் சொன்னார். அவரில் பிழை இல்லை.

சம்மாட்டியார் ஐயா, அந்தப் பம்ப் இன்னும் ஒட்டுப்போட்ட பழைய மூடியோடுதான் ஓடுகிறது என்று கேள்விப்பட்டேன். அதைக் கழற்றிக்கொண்டு பட்டறைக்கு வாருங்கள். அளவை என் பெறாமகள் எடுப்பாள். நான் கிட்ட வரமாட்டேன்.

தமையன்