லேபல் உரித்த போத்தல்கள்

கிளினிக்கால் திரும்பி வரும்போது, மண்டைதீவுச் சந்திக்குக் கிட்ட, பண்ணைப் பாலத்தில், மீன்பெட்டி கட்டிய சைக்கிள் ஒன்று காருக்கு முன்னால் குறுக்கே திரும்பியது. பிறேக்கை மிதித்தேன். மிதி என் காலோடு கீழே போய்க்கொண்டே இருந்தது. வழக்கமாகப் பிடிக்கிற இடத்தில் பிடிக்கவில்லை. பயத்தில் காலைத் தூக்கித் தூக்கி மிதித்தேன். கடைசி மிதியில் ஏதோ கொஞ்சம் பிடித்தது. சைக்கிள்காரன் என்னைத் திட்டிக்கொண்டு போனான். அவன் திட்டியது காதில் விழவில்லை. இரண்டு பக்கமும் கடல் மட்டும்தான் கண்ணில் நின்றது.

அந்தக் கணத்தில் பக்கத்தில் இருந்த என் கணவர் இடது கையை நெஞ்சுக்குக் குறுக்காக என் பக்கம் நீட்டினார். சரிந்து விழப்போகிறார் என்று நினைத்து அந்தக் கையைத் தள்ளி அவர் மடியிலேயே வைத்தேன். பிறகு வீடுவரை சின்னக் கியரில், மாட்டுவண்டி போல, உருட்டிக்கொண்டு வந்தேன். சுருவிலில் எங்கள் படலைக்குள் கார் நுழைந்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பாரிசவாதம் வந்த நாளிலிருந்து அவருக்கு வலது கையும் காலும் இல்லாத மாதிரித்தான். பேச்சும் போய்விட்டது. ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. ஓம். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்கு அவரைக் கொண்டுபோக வேண்டும். பஸ்ஸில் ஏற்ற முடியாது. ஓட்டோவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வெளியே தொங்குவார். அவருடைய பழைய டீசல் காரில்தான் சீற்றைச் சரித்துப் படுக்கவைத்தது போலக் கொண்டுபோகலாம். லைசென்ஸ் எடு, எடு என்று அவர் முன்பு கரைச்சல் கொடுத்ததால் எடுத்தேன். அவருக்கு நோய் வருமுன் நான் ஓடிய தூரம் கோயிலடி மட்டும்தான். பாலத்தடிக் கடலில் இடுப்பளவுதான் தண்ணீர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கதிரையில் இருந்தே தானாக எழும்ப முடியாத மனிதருக்கு இடுப்பளவு போதும்.

அடுத்த கிளினிக்குக்கு முன்னர் பிறேக் சரியாக வேண்டும். அந்தக் காரில் அவர் வேறு ஒருவரையும் கைவைக்க விட்டதில்லை. கராஜ் எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம். அங்கே போக பிறேக் வேண்டும்.

பொனெற்றைத் திறந்தேன். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடக்கூடாது. எங்கள் கிணறு உவர். விட்டால் உள்ளே துரு பிடித்து அடைத்துவிடும் என்று, நாங்கள் பவுசர் வண்டியில் வாங்கிக் குடிக்கிற தண்ணீரையே காருக்கும் விடுவார். மற்றதெல்லாம் அவர் காலையில் குனிந்து பார்ப்பதை நான் குசினி யன்னலால் கண்டதோடு சரி. பிறேக் எண்ணெய் இருக்கிற சின்ன டப்பா எது என்பது அப்படித்தான் தெரியும். அதில் எண்ணெய் அடிக்கோட்டுக்குக் கீழே கிடந்தது. எஞ்சின் ஒயில் கம்பியையும் இழுத்துப் பார்த்தேன். தார் போலக் கறுப்பு. அதைப் பார்த்து இன்னும் பயந்தேன்.

காருக்கு விடுகிற எண்ணெய்கள் பின்கொட்டிலில் ஒரு தட்டில் இருந்தன. எல்லாம் நெல்லிரசப் போத்தல், சோடாப் போத்தல், பாணி மருந்துப் போத்தல். ஒன்றிலாவது ஓர் எழுத்து இல்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது அவர் ஒரு பழைய வான் வண்டியை மண்ணெண்ணெயிலும் தேங்காயெண்ணெயிலும் ஓடியவர். அப்போது எண்ணெய் என்று எழுதிய தகர ரின்னோடு காவலரணைத் தாண்ட முடியாது. லேபலை ஊறவைத்து உரித்து, மருந்துபோலப் போத்தலில்தான் எல்லோரும் காவினார்கள். தடை எடுபட்டு எத்தனையோ காலம். இவர் மட்டும் கடையில் வாங்கி வந்த அன்றைக்கே போத்தலில் ஊற்றி, ரின்னை எறிந்துவிடுவார். எது எது என்பது அவர் தலைக்குள் இருந்தது.

போத்தல்களைக் கூடையில் அடுக்கி அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"இஞ்சருங்கோ, பிறேக்குக்கு விடுறது இந்த மஞ்சளோ?"

"ஓம்."

"வடிவாப் பாருங்கோப்பா. இல்லாட்டி இந்தச் சிவப்போ?"

"ஓம்."

"அப்ப இந்தப் பச்சை என்ன? இதுவும் பிறேக்குக்கோ?"

"ஓம்."

எல்லாவற்றுக்கும் ஓம். கடைசியில் குசினிக்குள் போய்ச் சமைக்கிற தேங்காயெண்ணெயை எடுத்துவந்து காட்டினேன். அதற்கும் ஓம் சொல்லிவிட்டு, பாதி வாயால் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிழையானதை ஊற்றினால் பாலத்தில் இரண்டு பேரும்தான் போவோம்.

போத்தல்களைத் திறந்து மணந்து பார்த்ததில் கையெல்லாம் எண்ணெய். தொட்டியடியில் கழுவினேன். சவர்க்காரம் போட்டும் கை வழுவழுவென்றே இருந்தது. ஆனால் ஒரு விரலில் பட்டது மட்டும் வெறும் தண்ணீரிலேயே கழன்று போய்விட்டது. அது எனக்குப் புதினமாக இருந்தது. தம்ளர்களில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு போத்தலில் இருந்தும் கொஞ்சம் விட்டுப் பார்த்தேன். மற்றவை மேலே மிதந்தன. மஞ்சளும் பச்சையும் மட்டும் சீனி போலக் கரைந்தன. எண்ணெய் ஏன் தண்ணீரில் கரைகிறது? இது எண்ணெயா, வேறு ஏதாவதா? இந்த இரண்டில் எது? அதற்குமேல் என் மூளை ஓடவில்லை. இனி யாரிடமாவது கேட்டே ஆகவேண்டும்.

கடையில் ஆட்கள் நின்றால் எல்லோரும் போகும்வரை ஒதுங்கி நின்று, பிறகு சாமான் கேட்கிற ஆள் நான். அடுத்த நாள் அந்த இரண்டு போத்தலையும் துணியில் சுற்றிக் கூடையில் வைத்து, பஸ் ஏறி, வேலணையில் வாகனச் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். வாசலில் இரண்டு ஆம்பிளைகள் மர வாங்கில் குந்தியிருந்தார்கள். நான் நின்றேன். அவர்கள் எழும்புவதாக இல்லை. ஒருவர் என் கூடையை எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, நயினாதீவு அம்மாளுக்கு விளக்கெரிக்கிற எண்ணெயோ? நல்லெண்ணெய் எண்டால் அங்கால சங்கக்கடையில."

மற்றவர் சிரித்தார். திரும்பிப் போய்விடலாம் என்று கால் சொன்னது. உள்ளே இருந்து கடைக்காரத் தம்பி, கேட்ட ஆளைப் பார்த்துச் சொன்னார்:

"உன்ரை மோட்டர் சைக்கிளுக்கு ஒயில் மாத்தி எவ்வளவு காலம் எண்டது அம்மாளுக்குத்தான் வெளிச்சம். நீ கதைக்கிறாய். வாங்கோக்கா, என்ன கார்?"

சொன்னேன். குரல் பாதிதான் வந்தது. அவர் மஞ்சள் போத்தலைத் திறந்து மணந்தார்.

"இதுதான் பிறேக் ஒயில். பச்சை ரேடியேற்றருக்கு விடுறது."

எனக்கு மூச்சு வந்தது. போத்தலை வாங்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

"இதை விடப்படாது அக்கா. இது காத்தில இருக்கிற ஈரத்தை இழுக்கும். எங்கட கடல்காத்தைச் சொல்லவும் வேணுமே? சூடேறினால் அந்தத் தண்ணி ஆவியாகி பிறேக் பிடிக்காது. புதுசு ஒண்டு தாறன், சீல் உடைக்காதது. உங்கட கார் டப்பா மூடியில என்ன இலக்கம் எழுதியிருக்கோ அந்த இலக்கம்தான்."

"மூடியில இருந்ததை எழுதிக்கொண்டு வந்தனான் தம்பி," என்று உள்ளங்கையைக் காட்டினேன். பேனையால் பார்த்தெழுதியது வேர்வையில் கொஞ்சம் அழிந்திருந்தது. அவர் வாசித்துத் தலையாட்டினார்.

"எஞ்சின் ஒயில் கறுத்துக் கிடக்குது," என்றேன்.

"டீசலுக்குக் கறுப்புத்தான். மாத்தின அடுத்த நாளே கறுக்கும். நிறத்துக்குப் பயப்பிடாதேங்கோ, எத்தினை கட்டை தூரம் ஓடினதெண்டு பாத்து மாத்துங்கோ. மாத்தேக்க டீசலுக்கெண்டு எழுதினதாப் பாத்து, பதினைஞ்சு நாப்பது எண்ட இலக்கம் சொல்லிக் கேளுங்கோ. பெற்றோல் காருக்கு விடுறதை மலிவெண்டு விட்டுப்போடாதேங்கோ." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அது சரி, பிறேக் ஒயில் சும்மா குறையாதே. எங்கயோ ஒழுகுது. சில்லுகளின்ர உள்பக்கம் பாத்தனீங்களோ?"

நான் பார்க்கவில்லை. நிரப்பினால் சரி என்றுதான் நினைத்திருந்தேன். அவர் கேட்காமல் விட்டிருந்தால் நிரப்பிக்கொண்டு பாலத்தில் ஏறியிருப்பேன்.

"கார் அசையப்படாது அக்கா. பின்னேரம் கடையைப் பூட்டிப்போட்டு நான் வாறன்."

சொன்னபடி வந்தார். பின்சில்லு ஒன்றின் உள்பக்கம் எண்ணெய் வழிந்து, செம்மண் அப்பிக் கிடந்தது. உள்ளே ரப்பர் ஊதிப் பெருத்து, வெடித்திருந்தது. "இதுக்கை வேற எண்ணெய் ஏதோ கலந்திருக்கு," என்றார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் முற்றத்தில் கதிரையில் இருந்து காரையே பார்த்துக்கொண்டிருந்தார். நோய் வருவதற்குக் கொஞ்சம் முன்பே அவருக்கும் போத்தல்கள் தடுமாறத் தொடங்கியிருக்குமோ என்று நினைத்தேன். அந்த நினைப்பை மேலே போக விடவில்லை.

புது ரப்பர் போட்டு, பழைய எண்ணெய் முழுவதையும் வெளியேற்றி, புதியதை விட்டு, குழாய்க்குள் நின்ற காற்றை எடுக்க வேண்டும். அதற்கு ஒருவர் உள்ளே இருந்து மிதிக்க வேண்டும். நான் ஏறினேன்.

"அடியுங்கோக்கா... அடியுங்கோ... இப்ப பிடியுங்கோ. பிடிச்சிருக்கிறியளோ?" காருக்குக் கீழே இருந்து கேட்டார்.

"ஓம்," என்றேன். என் குரல் கீழே எட்டவில்லை.

"பிடிச்சிருக்கோ எண்டு கேட்டனான்!"

"ஓம்!" என்று முற்றத்திலிருந்து இவர் சத்தம் போட்டார். திறந்த கதவால் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முறையும் இவர்தான் சொன்னார். ஒருமுறை என் செருப்பு வழுக்கி மிதி மேலே வந்துவிட்டது. "பிடிச்சிருக்கோ?" என்று கீழே இருந்து கேட்டபோது இவர் வாயைத் திறக்கவில்லை. நான் திரும்ப அழுத்திப் பிடித்த பிறகுதான் "ஓம்" வந்தது.

வேலை முடிந்ததும், வெளியாள் ஒருவரிடம் முதல் தடவையாக, நானாக ஒரு கேள்வி கேட்டேன்.

"தம்பி, திரும்பவும் பாலத்தில அப்பிடி வந்தால்?"

"வராது. வந்தால் அடிச்சடிச்சு மிதியுங்கோ, கியரைக் குறையுங்கோ, கைப்பிறேக்கை மெள்ள மெள்ள இழுங்கோ. அது கம்பி. ஒயில் இல்லாட்டிலும் பிடிக்கும்."

கைப்பிறேக் எங்கள் இரண்டு சீற்றுக்கும் நடுவில் இருக்கிறது. நெஞ்சுக்குக் குறுக்காக வந்த அந்த இடது கை ஞாபகம் வந்தது.

கிளினிக் நாளன்று பாலம் தொடங்குவதற்கு முன்பே, தரையிலேயே ஒருமுறை நிறுத்திப் பார்த்தேன். மிதி கல்லுப்போல நின்றது. இன்னொருமுறை பார்த்தேன். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது. கியரைக் குறைத்துப் பாலத்தில் ஏறினேன். தண்ணீர் இரண்டு பக்கமும் தொடங்கிய இடத்தில் அவர் கை குறுக்கே வந்து கைப்பிறேக்கைப் பிடித்தது. நான் தள்ளிவிடவில்லை.

"பிடிச்சிருக்கிறியளோ?" என்று கேட்டேன்.

"ஓம்," என்றார்.