மஞ்சள் தொடாத சேலை

என் குறிப்பேட்டில் 1951, ஐப்பசி 9 என்று தேதியிட்ட பக்கத்தில் ஒரே வரிதான் இருக்கிறது: "அக்காவின் கடிதம் வந்தது. நான் பார்ப்பதற்குள் கிழித்தாயிற்று." வழக்கமாக மழை பெய்த நேரம், மருந்தகத்துக்கு வந்தவர்கள், வந்த தபால், போன தபால் என்று பக்கத்தை நிரப்பிவிடுவேன். அன்று வேறெதுவும் எழுதவில்லை.

அப்போது நான் மலாக்காவுக்கு வடக்கே, அலோர் காஜா சாலையை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரஸ்ஸராக இருந்தேன். அவசரகாலத்தின் நான்காம் ஆண்டு. சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களை ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றிலும் முள்வேலி போட்டிருந்தார்கள். மாலையில் கேட்டைப் பூட்டினால் மறுநாள் விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத்தான் திறக்கும். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்பதற்காக, பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு கைப்பிடி சோறுகூட வெளியே கொண்டுபோக முடியாது. வெறும் வயிற்றோடு மரம் மரமாக நடந்து மயங்கி விழுந்த பெண்களை என்னிடம் தூக்கி வருவார்கள்.

என் மருந்துப் பெட்டியையும் தினம் திறந்து காட்ட வேண்டும். கேட்டில் நின்ற காவல்காரர் நம்மவர்தான்.

"என்ன டிரஸ்ஸரய்யா, மருந்துக்கு அடியில இட்லி ஏதும் இருக்கா?"

"கொய்னா மாத்திரை இருக்கு. ரெண்டு தரட்டுமா?"

"ஐயோ வேணாம் லா. கசப்புக்கு இந்த வேலியே போதும்."

சிரிப்போம். ஆனால் தினம் இருமுறை, பதிவு அட்டையும் பெட்டியும் நீட்டியபடி அதே சிரிப்பைச் சிரித்துச் சலித்துவிட்டது. முதலில் அலுத்துப்போனவள் என் மனைவி. அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். மார்கழியில் பிரசவம், மாசியில் பினாங்கிலிருந்து கப்பல் ஏறி ஊரோடு போய்விடுவது என்று பேசி வைத்திருந்தோம். மலாக்கா டவுனில் இருந்த கப்பல் ஏஜெண்டிடம் இடமும் சொல்லியாயிற்று. தை 25க்குள் போய் உறுதி செய்ய வேண்டும்.

ஊரில் எனக்கு இருந்தது அக்கா ஒருத்திதான். அத்தானுக்குக் கொழும்பில் கடை, எப்போதாவது வருவார். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே எங்கள் அப்பாவின் வீட்டில் அவள் தனியாக இருந்தாள். எழுதத் தெரியாது. தெருவில் இருந்த வாத்தியாரிடம் சொல்லி எழுதச் செய்வாள். அவர் எழுதிய எல்லாக் கடிதங்களின் உச்சியிலும் பிள்ளையார் சுழி இருக்கும், வலது மூலையில் தேதி இருக்கும், முடிவில் "எப்போது வருகிறாய்" என்று இருக்கும்.

ஐப்பசி 9 அன்று நான் மருந்தகத்தில் இருந்தபோது ஆபீஸ் பியூன் கடிதத்தை வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். மனைவி அதைக் கையில் வாங்கும்போது வேலையை மேற்பார்க்கும் பக்கத்து வீட்டு மண்டோரின் மனைவி அங்கே நின்றிருந்தார். நடந்ததை இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். ஒரு வார்த்தையும் மாறவில்லை.

"யார் கடுதாசி?"

"அண்ணிதான் அத்தை. அவங்க அக்கா."

"எங்க காட்டு… ஆத்தாடி! ஓரமெல்லாம் கறுப்பா இருக்கே. கீழ போடுடி! வாயும் வயிறுமா இருக்கிறவ கையில பிடிக்கலாமா இத?"

சாவுச் செய்தி எழுதுகிற கடிதத்தின் ஓரத்தில் கறுப்புத் தடவுவது எங்கள் வழக்கம். அதை வாசலிலேயே வாசித்துவிட்டுக் கிழித்துப் போட வேண்டும், வீட்டுக்குள் வரக்கூடாது. மண்டோரின் மனைவிக்கு வாசிக்கத் தெரியாது. கறுப்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது என்று அவர் நினைத்தார். வேலியோரக் கால்வாயில் கிழித்துப் போட்டுவிட்டு, என் மனைவியைக் குழாயடிக்கு இழுத்துப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினார்.

நான் வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. கால்வாயில் இறங்கித் தேடினேன். ஒரு துண்டுதான் கிடைத்தது, வலது மேல்மூலை. "புரட்டாசி 3" என்ற தேதியும் அதைச் சுற்றிக் கறுப்பும் இருந்தன. கையெழுத்து வாத்தியாருடையது. பிள்ளையார் சுழி இருக்க வேண்டிய நடுப்பகுதி போய்விட்டது. அது இருந்திருந்தால் ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். சாவுக் கடிதத்தில் சுழி போடமாட்டார்கள்.

மூன்று நாள் தீட்டுக் காத்தோம். சாவுக்கு வந்திருப்பார் என்று, விவரம் கேட்டு அத்தானுக்கு ஊர் முகவரியில் எழுதினேன். பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடித் துணி போக வேண்டும், அதைப் போட என்னைவிட்டால் ஆளில்லை. மலாக்கா டவுனுக்குப் போய் ஒரு சேலை வாங்கினேன், அரக்கு நிறம். உயிரோடிருப்பவர்களுக்குப் புதுத்துணி அனுப்பினால் மூலையில் மஞ்சள் தொட்டு வைப்போம். இதில் வைக்கவில்லை. கார்த்திகை முதல் வாரம் மண்டோரின் தம்பி நிரந்தரமாக ஊருக்குக் கிளம்பினான். அவனிடம் பொட்டலத்தைக் கொடுத்து, வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் சேர்க்கச் சொன்னேன்.

கார்த்திகை 19 அன்று கையில் தீப்புண்ணோடு ஒரு பஸ் கண்டக்டர் மருந்தகத்துக்கு வந்தார். ஐப்பசித் தொடக்கத்தில் காட்டுக்காரர்கள் எங்கள் சாலையில் பஸ்ஸை மறித்து, ஆட்களை இறக்கிவிட்டு, அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு, பஸ்ஸுக்குத் தீ வைத்தது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பஸ்ஸில் இருந்தவர் அவர். புண் ஆறாமல் சீழ் வைத்திருந்தது.

"எதுக்குய்யா நெருப்புக்குள்ள கைய விட்டீங்க?"

"தபால் பை உள்ள இருந்திச்சி லா. இழுத்து வெளிய போட்டேன். ஓரமெல்லாம் தீஞ்சிபோச்சி. ஆனா ஒரு கடுதாசியும் எரியல. எல்லாத்தையும் கொண்டுபோய்க் கொடுத்துட்டாங்களாம்."

கட்டுப் போட்டுக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அவர் வலிக்கிறதா என்று என்னைக் கேட்டார்.

சேலை அப்போது கடலில் இருந்தது. தந்தி கொடுத்திருக்கலாமே என்று பிறகு சிலர் கேட்டார்கள். எங்கள் ஊரில் தந்திக்காரன் தெருவில் நுழைந்தாலே ஒப்பாரி எழும்பிவிடும். ஏற்கெனவே ஒரு கோடி போய்க்கொண்டிருக்கிறது. அதன் பின்னாலேயே ஒரு தந்தியையும் அனுப்ப எனக்குத் துணிவில்லை. தவறு நேர்ந்துவிட்டது என்று அக்காவின் பெயருக்கு ஒரு கடிதம் மட்டும் எழுதினேன். அதற்கும் பதிலில்லை, அத்தானுக்கு எழுதியதற்கும் பதிலில்லை.

மார்கழியில் மகள் பிறந்தாள். தை 21 அன்று அக்காவின் பெயரில் கடிதம் வந்தது. ஓரம் சுத்தமாக இருந்தது. வாத்தியாரின் கையெழுத்துதான். மார்கழி 18 என்று தேதி. அதிலிருந்து அப்படியே எடுத்தெழுதுகிறேன்:

"நீ அனுப்பிய சேலை வந்தது. கட்டிக்கொண்டேன். நீளம் சரியாக இருக்கிறது. மஞ்சள் தொட மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது, பரவாயில்லை. உன் கடிதமும் வந்ததாகச் சொன்னார்கள். என்ன எழுதியிருந்தாய் என்று எனக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. இங்கே இப்போது பேச்சுத் துணைக்கு ஒருவரும் வருவதில்லை. எப்போது வருகிறாய்?"

அவள் உயிரோடு இருக்கிறாள் என்ற சந்தோஷத்தில் முதல் தடவை வேகமாக வாசித்தேன். இரண்டாம் தடவை வாசிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. மூன்றாம் தடவை தாளின் உச்சியைப் பார்த்தேன். பிள்ளையார் சுழி இல்லை.

அதுவரை ஊருக்குப் போக வேண்டும் என்று துடித்தவள் என் மனைவி. அக்கா இல்லாத ஊரில் என்ன இருக்கிறது என்று தயங்கியவன் நான். அன்று இருவரும் இடம் மாறிவிட்டோம்.

"நாளைக்கே டவுனுக்குப் போறேன். கப்பல உறுதி பண்ணிடலாம்" என்றேன்.

அவள் குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "கடுதாசிய மொதல்ல வெளிய வச்சிட்டு வாங்க."

"அக்கா கடுதாசிதானே? உசிரோட இருக்கா. சேலை கட்டியிருக்கா."

"பொணத்துக்குப் போட்ட கோடிய கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. கூப்பிடுறாங்க. அந்த வீட்டுக்குப் பிள்ளையத் தூக்கிட்டு நான் வரமாட்டேங்க. இங்க வேலிக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். அங்க யாரு இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?"

வாத்தியார் அவசரத்தில் சுழியை மறந்திருக்கலாம். சாவு விசாரித்து நான் எழுதியதை உயிரோடிருப்பவளிடம் வாசித்துக் காட்ட அவருக்கு மனம் வராமல் இருந்திருக்கலாம். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது மருந்தகத்தில் நான் நோயாளிகளுக்குச் சொல்லும் ஆறுதலைப் போலக் கேட்டது. அவள் எழுந்து போய்க் கடிதத்தை எடுத்து வாசல் தூணில் செருகிவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்தாள்.

தை 25 அன்று நான் டவுனுக்குப் போகவில்லை. இடம் வேறு யாருக்கோ போயிற்று.

அதற்குப் பிறகு பங்குனியில் ஒரு கடிதமும் ஆடியில் ஒரு கடிதமும் வந்தன. இரண்டிலும் சுழி இல்லை. இரண்டும் "எப்போது வருகிறாய்" என்று முடிந்தன. பிறகு தபால் நின்றுவிட்டது. வாத்தியாருக்கும் கிராம முன்சீபுக்கும் எழுதினேன், பதில் வரவில்லை. இதை எழுதும் இன்றும் முள்வேலி அப்படியேதான் இருக்கிறது. மகள் அதைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிவிட்டாள்.

என்னிடம் உள்ள கடைசிச் சான்று மண்டோரின் தம்பி அண்ணனுக்கு எழுதிய கடிதம். நானே அதை மண்டோருக்கு வாசித்துக் காட்டி, ஒரு நகலும் எடுத்துக்கொண்டேன். "டிரஸ்ஸரய்யா கொடுத்த பொட்டலத்தை அந்த வீட்டில் ஒரு அம்மாளிடம் கொடுத்தேன். தலை நனைந்திருந்தது. யாருக்கு என்று கேட்கவில்லை, வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்கள்" என்கிறான். அவன் என் அக்காவை முன்பின் பார்த்தவன் அல்ல. சேலையை வாங்கிய அந்தப் பெண் அவள்தானா என்பது இந்தத் தேதி வரை சரிபார்க்கப்படவில்லை.